ஆடுகிற நட்டு

மார்ச் 3

அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். இப்போது ஆவலைவிட ஆத்திரம்தான் அதிகம் இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள்; போன தடவை அப்படித்தான் ஆயிற்று. எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது.

போன வருடம், கடலில் இருக்கும் படகுகளோடு பேசும் எங்கள் வானொலி நிலையத்து டவருக்கு உங்கள் பட்டறையிலிருந்து ஆன்டெனா மாட்டும் கிளாம்புகள் வந்தன அல்லவா? அவை துருப்பிடித்துவிட்டன. ஒரு மழைக்காலம்கூட முழுசாகத் தாண்டவில்லை. வளைந்த போல்ட்டுகளின் திருகு மரையிலிருந்து சிவப்பாக வழிந்து, யாரோ செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் கம்பம் முழுக்கக் கறை. டவருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான், உப்புக்காற்று வரும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அதே டவரில் அண்ணன் தன் கையால் செய்து, தானே வந்து இறுக்கிக் கொடுத்த பழைய கிளாம்புகள் சாம்பல் நிறம் மாறாமல் அப்படியே நிற்கின்றன. அதே காற்று, அதே உப்பு. செய்த கைதான் வேறு.

அப்போதே எனக்குச் சந்தேகம். நீங்கள் அனுப்பிய நட்டுகள் போல்ட்டில் ஆடின, விழப்போகிற பல் மாதிரி. கழித்துப் போட்ட சரக்கைச் சொந்தக்காரி தலையில் கட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்டால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்று. விலைக் கடிதத்தில் இருந்த கையெழுத்து அண்ணனுடையது இல்லை. அண்ணன் எங்கே? நான் போன் செய்தால் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். "பட்டறையில இருக்காரு", "வெளிய போயிருக்காரு", "இப்பத்தான் படுத்தாரு". எத்தனை மாதமாக ஒரு மனிதர் இப்போதுதான் படுக்கிறார்?

காற்றுக்காலத்துக்கு முன்னால் இரண்டாவது டவர் ஒன்று எழுப்பப் போகிறோம். முதல் டவரைவிட உயரம். கிளாம்பு, போல்ட்டு, ஆன்டெனா தாங்கும் கைகள் எல்லாவற்றையும் எங்கே வாங்குவது என்று முடிவு செய்யும் வேலையைத் தலைவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். உங்கள் பட்டறையின் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

நிலையப் பொறுப்பாளர்

---

மார்ச் 11

சில்லுவுக்கு,

பொறுப்பாளர் அம்மா அவர்களுக்குப் பட்டறைக்காரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது என்று ஆரம்பித்திருக்க வேண்டும், தெரியாமல் வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

கல்யாணமான புதிதில் நான் போட்ட காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தவள் நீ. எனக்கு மறக்கவில்லை. உன் அண்ணன் சிரித்தார். "அவ எதையும் முகர்ந்து பார்ப்பா, கண்டுக்காத" என்றார். இத்தனை வருடமாகக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். இப்போது என் இரும்பையும் முகர ஆரம்பித்துவிட்டாய்.

"செய்த கைதான் வேறு" என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? நான் பட்டறைக்குக் கணக்குப் பார்க்க வந்தவள்தான். உலைக்கு முன்னால் நிற்பேன் என்று நானே நினைக்கவில்லை. நின்றேன், கற்றுக்கொண்டேன். முன்கையில் தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

யார் வந்து உன் காதில் ஊதியது? எவர்சில்வர் ஏஜெண்ட் ஒருவன் கடலோரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பழைய சரக்கைக் குறை சொன்னால்தானே புதுச் சரக்கு விலைபோகும்?

நட்டு ஆடியதற்குப் பதில் இருக்கிறது. இப்போது சொன்னால் சாக்கு என்பாய். துருப்பிடித்த கிளாம்பில் ஒன்றைக் கழற்றி, நட்டோடு, துடைக்காமல் அப்படியே பார்சலில் அனுப்பு. என் கண்ணால் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். வேலை அதிகம். கையெழுத்து ஆராய்ச்சியை விட்டுவிட்டு உன் வேலையைப் பார்.

அண்ணி

---

மார்ச் 20

அண்ணிக்கு,

பார்சல் அனுப்ப முடியாது. சாட்சியைக் குற்றவாளி வீட்டுக்கே யாராவது அனுப்புவார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் என் இடத்தில் இருந்தால் இதையேதான் சொல்வீர்கள்.

எவர்சில்வர் ஏஜெண்ட் வந்தது உண்மை. உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேசை மேல் போல்ட்டுகளைப் பரப்பி, பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் காட்டினார். "பாத்தீங்களாம்மா, ஒட்டுதா? ஒட்டல. அசல் சரக்கு. ஆயுசுக்கும் துரு வராது" என்றார். டம்ளர் செய்கிற எவர்சில்வரும் கடலுக்கு ஆகிற எவர்சில்வரும் காந்தத்துக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே நாலு போல்ட்டை வாங்கி வைத்தேன். அவர் போனதும் உப்புத்தண்ணீர் வாளிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, தினமும் ஒரு குவளை ஊற்றுகிறேன். அவரையும் நம்பவில்லை. நான் யாரையும் நம்பவில்லை, உங்களை மட்டும் தனியாக ஒதுக்கி வைக்கவில்லை.

துரு வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். எனக்கு இரும்பு தெரியாது, அலை தெரியும். துருப்பிடித்த மூட்டு சும்மா இருக்காது. நாங்கள் அனுப்பும் அலையை வாங்கி, கடித்து, இரைச்சலாகத் துப்பும். போன வாரம் பிற்பகலில் ஒரு படகு கூப்பிட்டது. எஞ்சின் நின்றுவிட்டது, அலை இழுக்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்கிறார்கள். அந்த வார்த்தையில் மட்டும் கரகரப்பு. "...க்கே, ...க்கே" என்றுதான் கேட்டது. கெழக்கே என்றாலும் க்கே, மேக்கே என்றாலும் க்கே. தேடப் போன படகு தப்பான பக்கம் போயிற்று. அன்று சாயங்காலம் வேறொரு படகு தற்செயலாகப் பார்த்து இழுத்து வந்ததால் நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கரையில் இறங்கியதும் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். "நாங்க கத்துனது உங்களுக்குக் கேக்கலையாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வௌவாலை டவரில் ஏற்றினேன். வௌவால் என்பது எங்கள் டவர் ஏறுகிறவர். அண்ணனுக்கு நன்றாகப் பழக்கம். மேலேயிருந்தே கத்தினார்: "நட்டுல பளபளப்பு போன எடம் தெரியலம்மா! மரை பூரா பொருபொருன்னு உதிருது!"

கடைசியாக ஒன்று. எங்கள் லாரி ஓட்டுநர் கேபிள் எடுக்க உங்கள் ஊர்ப்பக்கம் வந்தார். அப்படியே பட்டறையில் அண்ணனைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவர் உள்ளே நுழைந்ததும் நீங்கள் உள்ளறைக் கதவைச் சாத்தினீர்களாம். உள்ளே யாரோ டம்ளரைத் தட்டில் தட்டிக்கொண்டே இருந்தார்களாம், விடாமல், கூப்பிடுகிற மாதிரி. "ஆள் இல்லை" என்று அனுப்பிவிட்டீர்கள்.

என் அண்ணனை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

நாத்தனார்

---

மார்ச் 27

லாரி அனுப்பி வேவு பார்க்கிறவளுக்கு,

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் என் வீட்டுக் கதவையும் கடித்துவிட்டாய். என் புருஷனை நான் பூட்டி வைத்துச் சாப்பாடு போடாமல் இருக்கிறேன் என்று லாரிக்காரரும் நீயும் சேர்ந்து பேசிக்கொண்டீர்களா? அந்த ஆள் வந்து நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடிக்காமல் கண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தாகத்துக்கு வந்தவர் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கடிதத்தை இரண்டு துண்டாகக் கிழித்தேன். பிறகு ஒட்டவைத்துத் திரும்பப் படித்தேன். அந்த நாலு பேருக்காக.

படகில் இருந்தவர்களைப் பற்றி நீ எழுதியது பொய்யாக இருக்காது என்று நினைக்கிறேன். நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வாய், கடலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டாய்.

ஒரே ஒரு கேள்வி. நேராகப் பதில் சொல், சுற்றி வளைக்காதே. நட்டில் பளபளப்பு போன இடம் தெரியவில்லை என்று வௌவால் கத்தினாராம். என் பட்டறையிலிருந்து பளபளக்கிற நட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை. உருகிய துத்தநாகத்தில், பட்டறையில் நாகம் என்போம், அதில் முக்கி எடுத்தது அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். பளபளக்கிறது என்றால் அது மேலே லேசாகப் பூசிய சரக்கு, வீட்டுக்குள் அலமாரிக்கு ஆகும்.

என் நட்டு எங்கே? அதை மாற்றியது யார்? ஏஜெண்டா, உன் ஸ்டோரில் இருக்கிறவர்களா, இல்லை நீயேவா?

அண்ணி

---

ஏப்ரல் 5

அண்ணிக்கு,

நட்டை மாற்றியது நான்தான்.

ஆடுகிற நட்டை நம்பி ஒரு ஆளை மேலே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடைத்தெருவில் புதிதாக வாங்கி மாட்டச் சொன்னேன். அதற்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, இரண்டு கிளாம்புகளை வௌவாலிடமே கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பவில்லை. நீங்கள் அறுத்தாலும் உடைத்தாலும் அவர் கண்ணெதிரே செய்யுங்கள். கழற்றியதில் மூன்றாவதை இங்கே பூட்டி வைத்திருக்கிறேன்.

அவரிடம் அண்ணனையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இதை மறைக்க விரும்பவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த முறை கதவைச் சாத்தினால் நானே வருவேன்.

நாத்தனார்

---

ஏப்ரல் 14

சில்லு,

வௌவால் இப்போதுதான் பஸ் ஏறினார். அவர் ஊர் வந்து சேருவதற்குள் இந்தக் கடிதம் வராது. ஆனாலும் அவர் உன்னிடம் எதுவும் சொல்ல மாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது நான் இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் இரும்பு. கிளாம்பை வைஸில் கவ்வவைத்து அவரையே பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தேன். நட்டைக் கழற்ற வரவில்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் மரையைப் பார்த்தேன். அதில் நாகமே இல்லை. வழித்து எடுத்த மாதிரி இருந்தது.

"இந்த நட்டு போல்ட்ல எப்படி ஏறுச்சு?" என்று கேட்டேன்.

"ஏறல அக்கா. இறுக்கமா இருந்துச்சு. நான்தான் மரை வெட்டுற டையைப் போட்டு போல்ட்டு மரையைப் புதுசா வெட்டிவிட்டேன். அதுக்கப்புறம் வெண்ணெய் மாதிரி ஏறுச்சு."

"பொறுப்பாளர் அம்மா சொன்னாங்களா?"

"ரெண்டு பேருமாத்தான் முடிவு பண்ணோம். எனக்கும் ஆடுற நட்டைப் பாத்தா பயம். மேல தொங்குறது நான்தானே?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் முதல் தடவை இதே சந்தேகம்தான் வந்தது, உன் அண்ணனோடு சண்டையே போட்டேன். உருகிய நாகத்தில் முக்கினால் போல்ட்டின் மரை தடித்துவிடும். அது ஏறுவதற்காக நட்டின் ஓட்டையை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வெட்டுவோம். கையால் சுற்றும்போது ஆடும். வாஷர் போட்டு, ஸ்பேனரால் இறுக்கி, மேலே இரண்டாவது நட்டையும் போட்டால் அசையாது. நீ ஆடாத நட்டுக்காக, போல்ட்டின் மேல் இருந்த சட்டையை உரித்துவிட்டு உப்புக்காற்றில் நிற்கவைத்துவிட்டாய். துரு அங்கேதான் ஆரம்பித்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். வௌவால் திருப்தியோடு எழுந்துவிட்டார். நான்தான் கிளாம்பைத் திருப்பி, வளைவின் உள்பக்கத்தை அவரிடம் காட்டினேன். அங்கே விரல்நகம் அளவுக்கு நாகம் பிடிக்கவே இல்லை. முக்குவதற்கு முன் அமிலத்தில் கழுவியபோது எண்ணெய் சரியாகப் போகவில்லை. அது என் பட்டறைத் தப்பு. நீ மரையை வெட்டாமல் இருந்திருந்தாலும், இன்னும் சில வருடத்தில் அந்த இடத்தில் சிவந்திருக்கும். அனுப்பிய கிளாம்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிடு. அத்தனைக்கும் புதிது செய்து தருகிறேன்.

இப்போது உன் அண்ணன்.

அறுக்கும் சத்தம் கேட்டு அவரே உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். இந்த முறை நான் கதவைச் சாத்தவில்லை. மேசையில் கிடந்த அறுத்த துண்டை எடுக்கப் போனார். கை நடுங்கித் துண்டு கீழே விழுந்து உருண்டது. வௌவால் குனிந்து அதை எடுத்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "அண்ணே, டீ சாப்ட்டீங்களா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

நரம்பு வைத்தியரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம். கை மட்டும் இல்லை, பேச்சும் மெதுவாகிவிட்டது. வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் போன் எடுப்பதில்லை. உங்கள் ஓட்டுநர் கேட்ட சத்தம் யாரும் கூப்பிட்ட சத்தம் இல்லை. அவர் டீ டம்ளரைத் தட்டில் வைக்க முயன்றுகொண்டிருந்தார். அதை ஒரு அந்நிய ஆள் பார்க்க வேண்டாம் என்றுதான் கதவைச் சாத்தினேன். கையெழுத்து என்னுடையதுதான். அவர் சொல்லித்தான் போட்டேன். போன வருடத்துச் சரக்கு முழுக்க என் பொறுப்பில் செய்தது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். காரணம் கேட்டேன். "அவ என் கையை நம்பி டவர் மேல ஆளை ஏத்துறா. இந்தக் கையைப் பாத்தா, பழசையும் சேர்த்து எல்லாத்தையும் கழட்டிப்போடச் சொல்லுவா" என்றார். உன்னைத் தெரிந்தவர். உன் சந்தேகத்துக்கு நான் மட்டும் பயப்படவில்லை, பார்த்துக்கொள்.

அண்ணி

---

ஏப்ரல் 18

அண்ணி,

என் அண்ணனின் கை நடுங்குவது, லாரி ஓட்டுநர் காதால் கேட்டு, வௌவால் கண்ணால் பார்த்து, மூன்றாவதாக எனக்குத் தெரிகிறது.

நட்டு விஷயத்தில் தப்பு என்னுடையது. அந்த நாலு பேரிடமும் போய் அதைச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வளைவில் இருந்த தப்பு உங்களுடையது. என்னிடம் மறைத்த மூன்றாவது தப்பு யாருடையது என்று காகிதத்தில் தீராது. "அவர்தான் சொன்னார்" என்கிறீர்கள். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அவர் வாயால் கேட்க வேண்டும்.

வருகிறேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். கதவு திறந்தே இருக்கட்டும்.

சில்லு

---

மே 2

சில்லு,

வந்தாய், போனாய். நாள் சொல்லாமல் வந்து நின்றபோது என் முகத்தில் உலைக்கரி, தலையில் துண்டு. வேண்டுமென்றே அப்படி வந்தாய் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் என்ன நடக்கிறது என்று சோதிக்கத்தானே? நன்றாகச் சோதித்தாய். அமிலத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாய். நாகத்தில் முக்கி எடுத்த சரக்கைத் தடவித் தடவிப் பார்த்தாய். அவருடைய மாத்திரை டப்பாவைக்கூடத் திறந்து எண்ணினாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய்.

அது போகட்டும். என்னை உறுத்துவது வேறு. நான் தொட்டிப் பக்கம் போயிருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் தலையைச் சாய்த்து என்னவோ பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே வந்ததும் வாய் மூடிவிட்டது. அவர் சுவரைப் பார்த்தார், நீ மூக்கைத் துடைத்தாய். பஸ் ஏறும்வரை என் முகத்தை நீ பார்க்கவில்லை. அவரைக் கேட்டேன், "ஒண்ணுமில்ல" என்கிறார். நாள் முழுக்கப் பேச வார்த்தை தேடுகிற மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் தடங்கலில்லாமல் வருகிறது.

அவரை உன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறாயா? பெரிய ஆஸ்பத்திரி, நல்ல காற்று என்று ஏதாவது சொல்லியிருப்பாய். அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது, சாப்பாட்டில் எது தொண்டையில் சிக்கும், எந்த நேரத்தில் கால் உறைந்து நிற்கும், இதெல்லாம் உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உனக்குச் சாமர்த்தியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் செய்யாதே.

புதுச் சரக்கு தயார். கழுவும்போது நானே தொட்டி ஓரம் நின்றேன். ஒவ்வொரு வளைவின் உள்பக்கத்திலும் என் விரல் போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டிலும் அதனதன் நட்டையும் வாஷரையும் மாட்டி, கம்பியால் கட்டியிருக்கிறேன். ஆடும். ஆடட்டும். கம்பியை அறுத்து வேறு நட்டு போட்டால் எனக்குத் தெரியும்.

ஒரு நிபந்தனை. இவற்றை நீ சோதிக்காதே. நீ நல்லது என்று சொன்னால் சொந்தம் என்பார்கள். மோசம் என்று சொன்னால் பகை என்று நான் சொல்வேன். வேறு யாராவது சோதிக்கட்டும்.

அண்ணி

---

ஜூன் 19

அண்ணி,

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்றைக்கு அண்ணன் பேசியதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். நம் வீட்டில் ஆளாளுக்கு வாங்கி வைத்த சத்தியங்கள் போதும், நான் இதை உடைக்கிறேன்.

நான்தான் அவரிடம் கோபமாகக் கேட்டேன். "அண்ணி உன்ன மறைச்சு வெச்சாங்களா?" என்று. ரொம்ப நேரம் அவருக்கு வார்த்தை வரவில்லை. நான் முந்திக்கொண்டு முடிக்காமல் காத்திருந்தேன். பிறகு சொன்னார்: "அவ என்ன மறைக்கல சில்லு. நான்தான் அவ பின்னால போய் மறைஞ்சுக்கிட்டேன்." அவ்வளவுதான். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். பஸ் ஏறும்வரை உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணம் எனக்கு இல்லை. மாத்திரையை எண்ணியது உண்மை. சரியாக இருந்தது.

இப்போது டவர். தலைவரிடம் போய், "இந்தப் பட்டறை என் அண்ணியோடது. அதனால நான் தள்ளி நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்துப் பொறியாளர் எல்லாச் சரக்கையும் சோதித்தார். அவர் யாருக்கும் உறவு இல்லை, சிரிக்கக்கூட மாட்டார். ஏஜெண்டின் போல்ட்டுகள் வாளிக்கு மேலே தொங்கியதிலேயே டீக்கறை படிந்ததுபோல் ஆகிவிட்டன. ஒன்றை வௌவால் இறுக்கிப் பார்த்தார், எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்ட்டைக் கவ்விப் பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நல்ல ரகத்தில் வாங்கி, பசை தடவி மாட்டினால் அதுவும் உழைக்கும் என்றார் பொறியாளர். ஆனால் நாகம் பூசிய ஆன்டெனா கைகளோடு அதைக் கலக்க வேண்டாமாம், உப்புத்தண்ணீர் பட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடுமாம். உங்கள் சரக்கில் மூன்றை எடுத்து அறுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவர் தலை ஆட்டினால் அது சான்றிதழ் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

பழைய டவரில் அண்ணன் இறுக்கியவற்றைக் கழற்றவில்லை. அவரிடம் சொல்லுங்கள். உங்கள் போன வருடத்துச் சரக்கை மட்டும் மாற்றினோம். இரைச்சல் போய்விட்டது.

போன வாரம் முதல் பெருங்காற்று அடித்தது. இரண்டு நாள் மதிலுக்கு மேல் அலை வந்தது. புது டவரின் உச்சி கண்ணுக்குத் தெரியவே இல்லை. காற்று அடங்கிய அன்று காலை வௌவால் ஏறத் தயாரானார்.

"நானும் வரேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் ஒரு டவரிலும் ஏறியதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தே வேலை வாங்கியிருக்கிறேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

"இருக்கு. ஆனா பாக்கணும்."

பெல்ட்டைக் கட்டிவிட்டார். எனக்கு முன்னால் அவர், அவருடைய செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். பாதியில் கை மரத்துப்போய் நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. உச்சியில் ஆன்டெனா கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நட்டாகத் தொட்டேன். மேல் நட்டு, கீழ் நட்டு, வாஷர். வளைவின் உள்பக்கத்தில் விரலை விட்டேன். சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு, உப்பின் ஈரம். ஒன்றுகூட அசையவில்லை.

அப்போது பக்கவாட்டில் ஒரு காற்று வந்தது. கால் வழுக்கியது. பெல்ட் டவரில் மாட்டியிருந்தது, விழுந்திருக்க மாட்டேன். ஆனால் உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தது உங்கள் கிளாம்பை. என் முழுப் பாரமும் அதில்தான் தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியை அந்தக் குளிர்ந்த இரும்பில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"பாத்தாச்சாம்மா? இறங்கலாமா?" என்று வௌவால் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். காற்று நின்ற பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

சில்லு